சோலை ஏன் புல்வெளிக்குள் நகர்வதில்லை?

தேனியை ஒட்டிய பழனிசெட்டிபட்டியில் தண்ணீர் உறைய வேண்டுமானால் ஃபிரிட்ஜ் வேண்டும். ஊர் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம் உயரம். தை மாதக் காலையிலும் தோளில் ஒரு துண்டு போதும். அங்கிருந்து மேற்கே, பறவை பறக்கும் தூரத்தில் முப்பது நாற்பது கிலோமீட்டர் போனால் நிலைமை வேறு. போடி மலைக்கு அப்பால் தேவிகுளம், மூணாறு பக்கத்துப் பள்ளங்களில் ஜனவரிக் காலையில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். வடக்கே கொடைக்கானல் மேல்மலையிலும் அதே கதைதான்.

பனி பூக்கும் அந்த உயரத்தில் நிலம் இரண்டு கூறாகப் பிரிந்திருக்கிறது. மலை மடிப்புகளிலும் ஓடைக் கரைகளிலும் அடர்ந்த, என்றும் பசுமையான சோலைக்காடு. அதைவிட்டு வெளியே திறந்த சரிவெங்கும் புல். இரண்டுக்கும் நடுவில் படிப்படியாகக் குறையும் புதர்க்காடு என்று பெரும்பாலும் எதுவும் கிடையாது. நாவல் இனத்து மரங்களும் காட்டுச் செண்பகமும் நிற்கும் இருட்டிலிருந்து நாலு எட்டு வைத்தால் முழங்கால் உயரப் புல்லில் வெயிலில் நிற்கலாம். மழைக்குக் குறைவில்லை. விதையைக் கொண்டுபோகப் பறவைகளும் உண்டு. பிறகு சோலை ஏன் புல்லுக்குள் பரவவில்லை?

எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக இதற்கு விடைகள் வந்தபடி இருக்கின்றன. உறைபனி என்றார்கள், தீ என்றார்கள், மனிதனும் மாடும் என்றார்கள், மண் என்றார்கள். இந்த வழக்கில் அடிக்கடி சாட்சிக் கூண்டில் ஏற்றப்பட்ட செடிகளில் ஒன்று, கடையில் டப்பாவில் விற்கும் புளுபெர்ரியின் பேரினத்தைச் சேர்ந்தது. அந்தச் சாட்சியைச் சரியாகக் குறுக்கு விசாரணை செய்யவில்லை என்பது இந்தக் கட்டுரையின் முறையீடு.

பனி என்ற விடை

1938-இல் ‘இந்தியன் ஃபாரஸ்டர்’ இதழில் வனத்துறை அதிகாரி சி.ஆர். ரங்கநாதன் நீலகிரி மேட்டுநிலத்தின் சோலை, புல்வெளி பற்றி எழுதினார். புல்வெளி காடு அழிந்து உண்டானது அல்ல, அந்தத் தட்பவெப்பத்துக்கு அதுவே இயல்பான நிலை என்பது அவர் தரப்பு. சோலை மரத்தின் விதை திறந்த புல்லில் முளைத்தாலும், மார்கழி முதல் மாசி வரை வரும் உறைபனி அந்தக் கன்றை விட்டுவைக்காது. சோலைக்கு உள்ளேயோ கிளைவிதானம் தரையின் வெப்பத்தை வெளியே விடாமல் தடுக்கும்.

இந்தப் பனி எப்படி இறங்குகிறது என்று பார்ப்பது அவசியம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் துடைத்து விட்டாற்போல் இருக்கும் இரவு, காற்று அசைவதில்லை. பகலில் வாங்கிய வெப்பத்தைத் தரை மேகத் தடையின்றி வானத்துக்கு இழக்கிறது. முதலில் குளிர்வது புல்லின் நுனி, அதன்பின் அதை ஒட்டிய காற்று. ஆள் மார்பளவு உயரத்தில் கூண்டுக்குள் தொங்கும் வெப்பமானி 3, 4 டிகிரி காட்டும் இரவில் புல்நுனியில் பனிக்கட்டி இருக்கலாம். 1899-இல் தொடங்கிய கொடைக்கானல் வானாய்வகம் உள்ளிட்ட நிலையங்களின் நீண்ட பதிவுகளைக் கையாளும்போது இதை மறக்கக் கூடாது. கூண்டு தரும் எண் ஒரு விரற்கடை உயரக் கன்றின் அனுபவத்தைச் சொல்லாது.

பனி விடைக்கு வலு உண்டு, ஓட்டையும் உண்டு. குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அப்படியானால் பனி மிகக் கடுமையாக இருக்க வேண்டிய இடம் மடிப்புகள்தான். சோலை நிற்பதோ அதே மடிப்புகளில். மடிப்பில் ஈரமான ஆழமான மண் வெப்பத்தைத் தேக்கிவைக்கிறது, குளிர்காற்று உண்மையில் தேங்குவது குறுகிய மடிப்பில் அல்ல, அகன்ற தட்டையான சதுப்புப் பள்ளத்தில் என்று பனித் தரப்பினர் பதில் சொல்லலாம். அகன்ற பள்ளங்களில் சோலை அரிதாகவே இருப்பதால் பதில் ஓரளவு பொருந்துகிறது. ஆனால் இது ஏற்கெனவே நிற்கும் சோலை எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பதற்குத்தான் விளக்கம். மரமே இல்லாத காலத்தில் முதல் மரம் அங்கே எப்படி எழுந்தது என்பதற்கு அல்ல.

தீ என்ற விடை

அதே 1938-இல் அதே இதழில் தாவரவியலாளர் என்.எல். போர் எதிர்த் தரப்பை வைத்தார். புல்வெளி திரும்பத் திரும்ப எரிவதாலும் மேய்ச்சலாலும் நிலைத்திருக்கிறது. எரிப்பதை நிறுத்தினால் காலப்போக்கில் சோலை வரும். மேய்ச்சலுக்காகப் புல்லுக்குத் தீ வைப்பது மலைகளில் பழைய வழக்கம் என்பதால், மனிதன் வந்த பிறகு உருவான நிலம் இது என்ற முடிவுக்கும் இந்த வாதம் எளிதில் வழிகாட்டியது.

தேனி மாவட்டத்துக்காரர்களுக்குத் தீயின் வேகத்தைப் புரியவைக்க வேண்டியதில்லை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலைச் சரிவில் காய்ந்த புல்லில் பற்றிய தீ, மலையேற்றம் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுபோனது. மாசி முடியும் வெயிலில் கிழக்குச் சரிவுப் புல் எப்படி எரியும் என்பதற்கு அதைவிடக் கொடிய சான்று வேண்டாம்.

ஆனாலும் தீ இருக்கிறது என்பது வேறு, புல்வெளியை உண்டாக்கியது தீ என்பது வேறு. சோலை விளிம்பு பல இடங்களில் கோடு கிழித்தாற்போல் இருப்பதற்குத் தீ நல்ல விளக்கம்: ஈரமான சோலைக்குள் நெருப்பு நுழையாது, விளிம்போடு அணைந்துவிடும். அதே கோட்டைப் பனியும் கிழிக்கும், விதானம் முடியும் இடத்தில் காப்பும் முடிவதால். விளிம்பின் கூர்மையை வைத்துக்கொண்டு இரு தரப்பும் வெற்றி கொண்டாடியிருப்பது இந்த விவாதத்தின் சிறிய வேடிக்கை.

பூர்விகம் என்ற விடை

1960-களில் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னிந்திய மலைகளின் தாவரங்களை விரிவாக ஆராயத் தொடங்கியபோது விவாதம் வேறு தளத்துக்குப் போனது. பழனி மலை, நீலகிரி உள்ளிட்ட தென்மலைகளைப் பற்றி பிரான்சுவா பிளாஸ்கோ 1971-இல் வெளியிட்ட நூல் அந்தக் காலகட்டத்தின் பெரிய விளைச்சல். அதே நிறுவனத்தின் வி.எம். மெஹர்-ஹோம்ஜி பனி வாதத்துக்குப் புதிய முட்டுக் கொடுத்தார். எந்தச் செடி எங்கே நிற்கிறது என்பதைப் பூர்விகத்தோடு வைத்துப் பாருங்கள் என்றார். வெப்பமண்டலப் பூர்விகம் கொண்ட மரங்கள் சோலைக்குள் ஒடுங்கியிருக்கின்றன. குளிர்நாட்டு உறவு கொண்டவை மட்டும் வெளியே வந்து திறந்த புல்லில் நிற்கின்றன: செம்பூப் பூக்கும் ரோடோடென்ட்ரான், மருந்து எண்ணெய் மணம் வீசும் கால்தீரியா, பிறகு வாக்சினியம். முன்னவை பனி தாங்காது, பின்னவை தாங்கும். ஆகவே பிரிப்பது பனியே.

வாக்சினியம்தான் புளுபெர்ரியின் பேரினம். நம் மலைகளில் வாக்சினியம் லெஷ்னால்டியை, வாக்சினியம் நீல்கெரென்ஸே என இரண்டு உண்டு. இரண்டுக்கும் பெயர் வைத்தவர் ராபர்ட் வைட். முன்னது புதராகவோ கோணல் மாணலான சிறு மரமாகவோ சோலை ஓரத்திலும் புல்லுக்கு நடுவிலும் தனித்து நிற்கும். தளிர் சிவப்பு, முதிர்ந்த இலை தடித்துத் தோல்போல் இருக்கும். பூக்கள் சிறு குடம் கவிழ்த்தாற்போல் வரிசையாகத் தொங்கும். பழம் கருத்து உருண்டு பட்டாணி அளவு.

மெஹர்-ஹோம்ஜியின் வாதம் அழகானது. பல பத்தாண்டுகள் பாடநூல்களில் அதுவே நின்றது. எனக்கு அதன் அழகின் மீதே சந்தேகம். வாக்சினியம் பேரினத்தின் ஏறத்தாழ 450 இனங்களில் பாதிக்கு மேல் இருப்பது ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவிலோ அல்ல. போர்னியோ, நியூ கினி போன்ற தென்கிழக்காசிய வெப்பமண்டல மலைகளில். ரோடோடென்ட்ரானுக்கும் அங்கே பெரிய கிளை உண்டு. பேரினத்தின் பெயரைப் பார்த்துக் குளிர்நாட்டுக்காரன் என்று முத்திரை குத்துவது அவ்வளவு பாதுகாப்பானதல்ல.

புளுபெர்ரித் தோட்டம் கற்பித்தது

இங்கே வழக்கை ஒத்திவைத்துவிட்டு அமெரிக்கா போய்வர வேண்டும். குளிருக்கும் செடிக்கும் உள்ள உறவை மிக நுணுக்கமாக அளந்த பயிர்களில் புளுபெர்ரியும் ஒன்று.

அமெரிக்க வேளாண் துறையின் ஃபிரெடெரிக் கோவில் 1910-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தச் செடிக்குப் புளிப்பு மண் வேண்டும் என்று காட்டினார். பிறகு நியூஜெர்சியின் எலிசபெத் ஒயிட்டுடன் சேர்ந்து காட்டுச் செடியைத் தோட்டச் செடியாக்கினார்; 1916-இல் முதல் விளைச்சல் சந்தைக்கு வந்தது. 1920-இல் அவர் எழுதிய கட்டுரைதான் நமக்கு முக்கியம். குளிர்காலம் முழுவதும் வெதுவெதுப்பான கண்ணாடி வீட்டில் வைத்த செடி, வசந்தம் வந்ததும் துளிர்க்கவில்லை. ஒரே செடியில் ஒரு கிளைக்கு மட்டும் குளிரைக் காட்டினால் அந்தக் கிளை மட்டும் துளிர்த்தது. செடிக்குக் குளிர் எதிரி மட்டுமல்ல, மொட்டு விழிக்க அது தேவையும்கூட என்று தெரியவந்தது.

தோட்டக்காரர்கள் இதை மணிக்கணக்கில் அளந்தார்கள். வடக்கு வகைகளுக்கு 7 டிகிரிக்குக் கீழ் 800 முதல் 1,000 மணி நேரம் வரை வேண்டும். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஷார்ப் தொடங்கிய கலப்பினப் பணி இதைப் பல மடங்கு குறைத்தது. ஃபுளோரிடாவில் காட்டுச் செடியாக வளரும், என்றும் பசுமையான வாக்சினியம் டாரோவியை அவர் வடக்கு வகையோடு சேர்த்தார். அந்த வழியில் வந்த குறைகுளிர் ரகங்களால்தான் இன்று பெரு நாடு பாலைவனக் கரையோரத்தில் புளுபெர்ரி விளைவித்து உலகுக்கு ஏற்றுமதி செய்கிறது. கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிக்கு இது அந்நியச் செய்தி அல்ல. குளிர்நாட்டில் இலை உதிர்த்துத் தூங்கும் திராட்சைக் கொடியைக் கவாத்து வெட்டியே எழுப்பி, பன்னீர் திராட்சையை ஆண்டு முழுவதும் காய்க்கவைக்கும் ஊர் இது.

சோலை வழக்குக்கு உதவுவது இன்னொரு அளவீடு. ஆழ்ந்த உறக்கத்தில் உள்ள வடக்கு வகையின் பூமொட்டு மைனஸ் 25 டிகிரியைக்கூடத் தாங்கும். மொட்டு உப்பத் தொடங்கினால் தாங்குதிறன் மைனஸ் 10-க்கு அருகே வந்துவிடும். பூக்கள் பிரிந்து இளஞ்சிவப்பாகத் தெரியும்போது மைனஸ் 4, 5. மலர்ந்த பூவுக்கு மைனஸ் 2 போதும், கதை முடிந்தது. பனி இறங்கிய மறுநாள் தோட்டக்காரர் பூவை பிளேடால் குறுக்கே அரிந்து பார்ப்பார். சூல் வெளிர்பச்சையாக இருந்தால் பிழைத்தது, பழுப்பேறியிருந்தால் போயிற்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கலாம்.

ஒரே செடிக்குள் இருபது டிகிரிக்கு மேல் இந்த ஏற்ற இறக்கம் ஏன்? இலையிலோ மொட்டிலோ பனிக்கட்டி முதலில் உருவாவது செல்களுக்கு வெளியே. அது செல்லுக்குள் இருக்கும் நீரை உறிஞ்சி இழுக்கும். செல் வறண்டு அதன் சவ்வு கிழியும்போது திசு சாகிறது. செடி தன்னைத் தயார்செய்துகொண்டிருந்தால் சர்க்கரைகளும் டிஹைட்ரின் எனப்படும் புரதங்களும் அந்த வறட்சியைத் தாங்க உதவும். புளுபெர்ரி மொட்டுகளில் இந்தப் புரதங்கள் குளிரில் சேர்வதையும் மொட்டு விழிக்கும்போது குறைவதையும் முத்தாலிஃப், ரோலண்ட் இருவரும் 1994-இல் காட்டினர். தயாராவதற்கு இரண்டு சமிக்ஞைகள் வேண்டும்: சுருங்கும் பகல், படிப்படியாக இறங்கும் வெப்பநிலை. நடுவில் சில நாள் வெதுவெதுப்பு வந்தால் சேர்த்த திறனில் ஒரு பகுதி கரைந்துவிடும்.

நம் மலைக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் பூர்விக வாதத்தின் இன்னொரு ஓட்டை தெரிகிறது. நியூஜெர்சியில் ஆனிப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஆறு மணி நேரத்தை நெருங்கும். கொடைக்கானலில் அது ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், அவ்வளவே. அங்கே குளிர்காலம் வாரக்கணக்கில் மெல்ல இறுகும். இங்கே நண்பகலில் வெயில் சுளீரென்று அடித்து அன்றிரவே புல் உறையும், மறுநாள் மீண்டும் வெயில். உறங்கவோ தயாராகவோ செடிக்கு அவகாசமில்லை; இலையும் உதிர்வதில்லை. நம் மலை வாக்சினியம் சந்திக்கும் பனி, வடநாட்டு நடுக்குளிரைப் போன்றது அல்ல. அந்த நாட்டில் வசந்தத்தில் பூத்த பிறகு வந்து கெடுக்கும் பின்பனியைப் போன்றது. அந்தப் பின்பனியில் குளிர்நாட்டு உறவினர்களே மைனஸ் 2-இல் தோற்கிறார்கள். ஆகவே, குளிர்நாட்டு வம்சம், அதனால் பனி தாங்குகிறது என்ற தாவல் செல்லாது. நம் செடி தாங்கினால் தன் இலைக்குள் உள்ள ஏதோ ஒன்றால் தாங்குகிறது. வம்சாவளிச் சான்றிதழால் அல்ல.

ஒரு சாட்சி, மூன்று தரப்பு

அமெரிக்காவிலிருந்து இன்னொரு தகவல். மெய்ன் மாநிலத்தில் தரையோடு படரும் காட்டுப் புளுபெர்ரி பெரிய விளைச்சல். அந்த வயல்களைப் புதுப்பிக்க ஓராண்டு விட்டு ஓராண்டு தீ வைப்பது அங்கே பழைய முறை. மேலே எல்லாம் கருகிப்போகும். மண்ணுக்குள் இருக்கும் கிடைத்தண்டிலிருந்து புதுத் தண்டு கிளம்பும். வாக்சினியம் பேரினத்தின் பல இனங்கள் எரிந்த பின் அடியிலிருந்து துளிர்க்கக்கூடியவை. நம் ரோடோடென்ட்ரானின் தடித்த பட்டையும் தீயைச் சமாளிக்க உதவுவதாகவே கருதப்படுகிறது.

அப்படியானால் புல்வெளியில் வாக்சினியம் நிற்பது பனிக்குச் சாட்சியா, தீக்குச் சாட்சியா?

மூன்றாவது தரப்பும் உண்டு. வாக்சினியமும் ரோடோடென்ட்ரானும் அடங்கிய குடும்பத்துச் செடிகளின் வேர்களில் தனி வகைப் பூஞ்சைகள் கூடிவாழ்கின்றன. புளித்த, சத்தில்லாத மண்ணில் மற்றச் செடிகளால் எடுக்க முடியாத சத்தை அவை எடுத்துத் தருகின்றன. மேட்டுச் சரிவில் மண் ஆழமற்றது, மடிப்பில் ஆழமானது, சோலைக்கு வேண்டிய மண் புல்வெளியில் இல்லை என்று வாதிடுவோருக்கும் இதே செடிகள் பொருத்தமான உதாரணம். ஆனால் புல் நின்றதால் மண் அப்படியானதா, மண் அப்படி இருந்ததால் புல் நின்றதா என்று இந்தத் தரப்பைக் கேட்டால் தெளிவான பதில் கிடைப்பதில்லை.

எது எங்கே வளர்கிறது என்ற பட்டியலை மட்டும் வைத்துக் காரணத்தைக் கண்டுபிடிக்க முயன்றதன் விளைவு இது. பனி, தீ, ஏழை மண் மூன்றையும் தாங்கும் செடி, மூன்றில் எது மற்ற மரங்களைத் துரத்தியது என்று சொல்லாது.

சதுப்பு மண்ணும் சிறு கன்றும்

பட்டியலைத் தாண்டிய ஆதாரம் இரண்டு வழியில் வந்தது. முதலாவது, 1993-இல் ஆர். சுகுமாரும் குழுவினரும் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட நீலகிரிச் சதுப்புக் கரி ஆய்வு. மரங்களும் வெப்பமண்டலப் புற்களும் கரியமில வாயுவைப் பிடிக்கும் முறை வேறு. அதனால் அவை விட்டுச்செல்லும் கார்பன் ஐசோடோப்பு விகிதமும் வேறு. சதுப்பின் அடுக்குகளில் அதை அளந்தால் எந்தக் காலத்தில் எது ஓங்கியிருந்தது என்று அறியலாம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது அங்கே புல்லே ஓங்கியிருந்தது. பின் ஈரமான காலங்களில் அது பின்வாங்கியது. புல்வெளி மேய்ச்சல்காரர்கள் காடழித்து உண்டாக்கியது என்ற எளிய கதை இதோடு பெரும்பாலும் முடிந்தது.

பனித் தரப்பு இதைத் தன் வெற்றியாகக் கொண்டாடுவதும் அவசரமே. பனியுகத்தில் காற்றில் கரியமில வாயு குறைவு, மழையும் குறைவு; இரண்டுமே அந்த வகைப் புல்லுக்குச் சாதகம். புல் பழையது என்பது நிரூபணமானது. எதனால் என்பது அந்தச் சதுப்பில் எழுதப்படவில்லை.

இரண்டாவது வழி, கன்றையே நட்டுப் பார்ப்பது. அதுல் ஜோஷி, ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் ஆகியோர் 2020-இல் ‘ஜர்னல் ஆஃப் எக்காலஜி’யில் வெளியிட்ட ஆய்வு அப்படிப்பட்டது. புல்வெளியில் இரவு வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போனது, சோலைக்குள் போகவில்லை. சோலை மரங்களின் கன்றுகள் புல்வெளியில் மோசமாகத் தவித்தன. அயல்நாட்டுச் சீகை மரக் கன்றுகள் அந்த அளவுக்குத் தவிக்கவில்லை. என் பார்வையில், ரங்கநாதனின் கருத்துக்கு இதுவரை கிடைத்த மிக வலுவான ஆதாரம் இது. அது வம்சத்தையும் மரத்தின் பெயரையும் விட்டுவிட்டு, கன்று என்ற பருவத்தைச் சோதித்தது. புளுபெர்ரித் தோட்டம் நூறாண்டாகச் சொல்லிவருவதும் அதையே: எவ்வளவு குளிர் என்று மட்டும் கேட்டால் போதாது, எந்தப் பருவத்தில், எந்த உறுப்புக்கு என்றும் கேட்க வேண்டும்.

கிழக்குச் சரிவில் எஞ்சும் கேள்விகள்

நீலகிரி மேட்டுநிலத்தில் 2,000 மீட்டருக்கு மேல் பனியே முதன்மைக் காரணம் என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். அதை அப்படியே தேனிப் பக்கம் இறக்கிவைக்க முடியுமா என்பதில்தான் தயக்கம். புல் இங்கே பனி எட்டும் உயரத்தோடு நிற்பதில்லை. போடி, குரங்கணிச் சரிவுகளிலும் மேகமலைப் பக்கத்திலும் அதற்கு வெகு கீழேயும் புல் இருக்கிறது. அந்த உயரங்களில் உறைபனி அரிது, தீ அரிதல்ல. செங்குத்துச் சரிவு, மழைமறைவு, காற்று, ஆழமற்ற மண் என்று வேறு காரணங்களும் கைகோத்திருக்கலாம். கீழே தீ, மேலே பனி என்றால் இரண்டும் கைமாறும் உயரக்கோடு எது, அது பள்ளத்திலும் முகட்டிலும் ஒன்றா என்பதற்குப் புல்நுனி உயரத்தில் பல ஆண்டுகள் ஓடும் வெப்பமானிகள் வேண்டும்.

கேள்வி தாவரவியல் ஆர்வலர்களுக்கு மட்டுமானதும் அல்ல. அரசுமணியும் சக ஆய்வாளர்களும் 2018-இல் காட்டியபடி, பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பது ஆண்டுகளில் போய்விட்டது. அங்கே வந்தது சோலை அல்ல, வேளாண்மையும் சீகை முதலிய தோட்ட மரங்களும். புல்வெளியை வீண்நிலம் என்று கருதி மரம் நட்ட கொள்கைக்குப் பின்னால், இது காடழிந்த நிலம் என்ற பழைய விடை நின்றது என்று சொன்னால் மிகையாகாது. இப்போது இரவுகள் வெதுவெதுப்பாகிப் பனி இரவுகள் குறைந்தால் பூட்டிய கதவு திறக்கும். நெடுங்காலம் வெளியே காத்திருந்த சோலைக் கன்று முதலில் நுழையுமா, வேகமாக வளரும் சீகை முந்திக்கொள்ளுமா? 2020 ஆய்வு இரண்டாவதற்கே கூடுதல் வாய்ப்பு இருப்பதாகக் காட்டுகிறது. குளிரான இரவு தேவையென்றே பழகிப்போன செடிகள் மலை வாக்சினியத்தில் உண்டா, ஃபிரெடெரிக் கோவில் சோதித்த கிளையைப் போலக் குளிர் படாமல் மொட்டு விழிக்காது போகுமா என்பது தனிக் கேள்வி. பெருவின் பாலைக்கரையில் பயிரானவற்றின் அனுபவத்தை வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. பனிக்கூடத்தில் இலையையும் மொட்டையும் உறையவைத்து, ஒன்றிரண்டு பருவங்கள் சோதித்தால் சொல்லிவிடலாம்.